முகத்துக்கு வராத சிரிப்பு

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் இந்திராணிக்கு அந்த ஆவணியில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. சாயங்காலமானால் கோபுரத்தின் பக்கத்தில் இன்னொரு கோபுரம் தண்ணீரில் மிதப்பதுபோல நிற்கும். ஒரு கிளி பறந்தால் இரண்டு பறக்கும். இமைகள் தாமாகக் கவியும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அவள் பயப்படவில்லை, யாரிடமும் சொல்லாமல் ரசித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை நதியாவின் வளைகாப்பில்தான் வம்பு வந்தது. குழந்தையில்லாத அக்காவைத்தான் முதலில் வளையல் போடச் சொன்னாள் நதியா. இந்திராணிக்கு மனம் நிறைந்து சிரிப்பு பொங்கியது. ஆனால் போட்டோவில் பார்த்தால் மேலுதடு மட்டும் ஏறி, பல் தெரிய, உறுமுவதுபோல ஒரு முகம்.

"எம்மேல அவ்ளோ வயித்தெரிச்சலாக்கா?" என்று கேட்டுவிட்டாள் நதியா.

"நான் சிரிச்சிக்கினுதான்டி இருந்தேன்." குரல் மூக்கால் குழறியது. நதியா நம்பவில்லை. அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றுபோயிற்று.

ஒரு மத்தியானம் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. கணவன் துரைக்கண்ணு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். டாக்டர் ஜீவிதா அவளை மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். ஒரு நிமிடத்தில் இரண்டு இமையும் விழுந்தன. கையுறைக்குள் ஐஸைப் போட்டுக் கட்டி ஒரு கண்மேல் சிறிது நேரம் வைத்து எடுத்தாள். அந்தக் கண் மட்டும் மலர்ந்து திறந்தது.

"இன்னா மேடம் இது, மந்திரமாட்டம் இருக்குது?" என்றான் துரைக்கண்ணு.

"மயஸ்தீனியாவா இருக்கும், ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம். நரம்பு அனுப்புற சேதி தசைக்குப் போய்ச் சேரல. உடம்புல நோயை எதிர்க்கிற சக்தியே தப்பா நெனச்சி அந்த வழிய அடைக்குது. வேலை செய்யச் செய்ய தசை சோர்ந்துடும்."

"சிரிப்புமா?" என்றாள் இந்திராணி.

"சிரிக்கறதுக்கும் தசை வேணும்மா."

இந்திராணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

துரைக்கண்ணு போய் விஷயத்தைச் சொல்ல, மறுநாளே நதியா நிறைவயிற்றோடு வந்து வாசலில் நின்றாள். "எனக்குத் தெரியாதுக்கா."

"உள்ள வாடி. மாத்திரை இப்பதான் போட்டேன். மூஞ்சிக்கு வர கொஞ்ச நேரம் ஆவும்."

இருவரும் தறியில் ஏற்றிய பாவின் ஓரமாகக் காத்திருந்தார்கள். நீட்டியிருந்த பட்டிழைகளில் வெயில் மெல்ல ஊர்ந்தது. நதியா அக்காவின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. முதலில் இமை உயர்ந்தது. பிறகு, வெகு நிதானமாக, உதட்டோரங்கள்.

மருந்து எல்லா நாளும் ஒரேமாதிரி கேட்பதில்லை. இந்திராணி இப்போது காலையில் மட்டும் நெய்கிறாள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, துரைக்கண்ணு வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான்.