தாவுகிறவனை விடாத பெண்

விழுப்புரத்திலிருந்து சென்னை போகும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண். முப்பது வயதிருக்கும். மடியில் லேப்டாப். யோசிக்கும்போதெல்லாம் இரண்டு கட்டைவிரலும் காற்றில் பட்டன் அழுத்திக்கொண்டே இருந்தன.

திரையில் ஒரு குட்டி மனிதன் பாறைக்குப் பாறை தாவினான். சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய பழைய வீடியோ கேமின் நாயகன். பின்னால் தெரிந்ததோ எங்கள் விழுப்புரம் பக்கத்துப் பனமலை ஏரியும் குன்றுக் கோயிலும்.

"நீங்களே செஞ்சதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. அந்த கேமு புடிச்சவங்க சும்மா விளையாடறதுக்கு. முன்ன ஒண்ணு பண்ணேன். அந்த கேமு கம்பெனிக்காரங்க நோட்டீஸ் அனுப்பி, நெட்லேர்ந்து எடுக்க வச்சிட்டாங்க."

"காப்பி அடிச்சா விடுவாங்களா?" என்று சிரித்தேன்.

அவர் முகம் இறுகியது. லேப்டாப்பை மூடினார்.

"எது காப்பி? அந்த ஆளு அவங்களுது, ஒத்துக்கறேன். மலை, ஏரி, எதிரிங்க, மியூசிக், எல்லாம் நான் உக்காந்து பண்ணதுங்க. எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். நெட்ல அவனவன் என்னைத் திருடின்னு எழுதனான் பாருங்க, அதான் ஆறல. நீங்களும் அதயே சொல்றீங்க."

"சொந்தமா ஒரு ஆளை வரைஞ்சிடலாமே?" என்றேன் மெல்ல.

"நான் ஏன் விடணும்? சின்ன வயசுலேர்ந்து அவன்கூடத்தான் ஓடிக்கினு இருக்கேன். இதையும் எடுக்கச் சொல்லட்டும். இன்னொண்ணு பண்ணுவேன்."

திண்டிவனத்தில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். அது பிடிவாதமா, பிரியமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.