ரேடியேட்டர் ஆறும்வரை

எங்கள் கார் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. வெறுமனே யுத்தத்துக்கு முந்தியது என்றால் வெள்ளவத்தையில் எல்லோரும் எங்கள் யுத்தத்தைத்தான் நினைப்பார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிக்காமல் விட்டார்களா என்று கேட்பார்கள். அதற்கும் வெகுகாலம் முந்திய கார் இது. கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் கால்வைத்து ஏறப் பலகை, திரும்பும்போது கதவோரத்திலிருந்து வெளியே நீளும் ஒரு சின்ன மஞ்சள் கை.

என் கணவர் புதுக்கடைக் கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவர். கட்சிக்காரர் ஒருவரின் கராஜில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த இந்தக் காரைக் கண்டு, கோழிகளைக் கலைத்துவிட்டு வாங்கி வந்தார். எங்களுக்குக் கலியாணமாகி அப்போது மூன்று வருடம். பிறகு எங்கள் சனிக்கிழமைகளெல்லாம் பஞ்சிகாவத்தைப் பழைய இரும்புக் கடைகளில் பாகம் தேடுவதில் போயின. கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து எடுப்பார். மற்றப் பெண்கள் சாரிக் கடையில் நிற்பார்கள். நான் எண்ணெய் பிடித்த பத்திரிகைத் தாளில் சுற்றிய இரும்புத் துண்டுடன் பட்டறை வாசலில் நிற்பேன். எனக்குப் பிடித்துத்தான் நின்றேன் என்று சொல்லமாட்டேன். பழகிவிட்டது.

பழைய கார்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை காலிக்கோ நுவரெலியாவுக்கோ வரிசையாகப் போவோம். எங்கள் காரில் தண்ணீரைச் சுழற்றப் பம்ப் இல்லை. வெந்நீர் தானாக மேலே ஏறி, ஆறியது கீழே இறங்கவேண்டும். சமதரையில் காற்று அடிக்கும்வரை நல்லபிள்ளை. மலை ஏறினாலோ நெரிசலில் நின்றாலோ கொதித்துவிடும். கொதித்தால் இறங்குவது என் வேலை. இரண்டு கான் தண்ணீரும் ஒரு ஈரச் சாக்கும் எப்போதும் என் காலடியில் இருக்கும். உடனே மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். உடனே பச்சைத் தண்ணீர் விட்டால் என்ஜின் வெடித்துப் பிளக்கும். ஆகவே காத்திருக்கவேண்டும். சாக்கை மூடியில் போட்டு, பொனட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, இருபத்தைந்து நிமிடம். மணிக்கூடு பார்க்காமலே எனக்கு அந்த நேரம் தெரியும்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். காரை ரோட்டில் தனியே விட்டுப் போகக்கூடாது. ஒருமுறை குருநாகலில் தேத்தண்ணி குடிக்க இறங்கி, திரும்பி வந்தபோது முன்விளக்கு ஒன்று போய்விட்டது. அதே விளக்கை இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு எங்கே நின்றாலும் ஒருவர் காரோடு இருப்போம். அநேகமாக அந்த ஒருவர் நான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தளையில் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அங்கேயே என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. வாய்வு என்றார். வீடு திரும்பும் வழியில் பாலத்தைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தால் கோயில் திருநாள் நெரிசல். அரை மணித்தியாலம் ஊர்ந்தோம். கார் கொதித்தது. ஓரங்கட்டினார். அவருடைய சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. கொழும்பு வெயிலில் யாருக்குத்தான் நனையாது என்று நினைத்தேன்.

பழைய கார் நின்றால் சனம் கூடும். போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். அன்றைக்கும் ஒரு குடும்பம் வந்து, அங்கிள் இப்படிப் பாருங்கோ என்றது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கூட்டத்தோடு பக்கத்து ஸ்டாண்டிலிருந்து ஒரு த்ரீவீல்காரரும் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் காரைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு என்னமோ செய்யுது போல. மொகத்தப் பாருங்க. என் வண்டில ஏத்துங்க, அஞ்சு நிமிசத்துல ஆஸ்பத்திரி."

நான் ஜன்னலில் குனிந்து கேட்டேன். "இஞ்சருங்கோ, போவமே? நெஞ்சு நோகுதே?"

"நீர் சும்மா இரும். காஸ்தான். இந்தச் சனத்துக்கு நடுவில காரை விட்டிட்டுப் போகேலாது."

நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. நாற்பது வருடமாக அந்தக் காரைப் பற்றிய விஷயத்தில் அவர் சொன்னால் சரி என்றிருந்தவள் நான். முன்னால் போய்ச் சாக்கை நனைத்துப் போட்டேன். தூக்கிவிட்ட பொனட் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றது. இருபத்தைந்து நிமிடம் அந்த மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திறந்து, இரண்டு கானையும் மெதுவாக ஊற்றினேன். பொனட்டை இறக்கிவிட்டு, முடிஞ்சுது, எடுங்கோ என்றேன். அவருடைய தலை ஸ்டியரிங்கில் கிடந்தது.

த்ரீவீல்காரரும் தேத்தண்ணிக் கடைக்காரரும் தூக்கி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. த்ரீவீலை அங்கே நிறுத்தவேண்டாம் என்று காவலாளி விரட்ட, அந்த மனிதர் போய்விட்டார். உள்ளே, கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். முதலே கொண்டு வந்திருந்தால் என்று கேட்டேன். அந்த இளம் டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல், சொல்ல ஏலாது அம்மா என்றார்.

கார் இரண்டு நாள் கொட்டாஞ்சேனை ரோட்டில் தனியே நின்றது. சங்கத்துக்காரர்கள் போய் எடுத்து வந்தார்கள். ஒரு ஆணிகூடக் குறையவில்லை.

நான் அழவில்லை. செத்தவீட்டில் அதைப் பற்றிக் கதைத்தார்கள் என்று தெரியும். வந்தவர்களுக்குச் சோடா கொடுத்தார்களா என்று பார்த்தேன், மெல்பனிலிருந்து வந்த மகளுக்குப் படுக்கை விரித்தேன், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஐயருக்குச் சொல்லிவிட்டேன். மகள் காரை விற்கச் சொன்னாள். சரி என்றேன். பிறகு, அம்மா, வேண்டாம், இருக்கட்டும் என்றாள். அதற்கும் சரி என்றேன். எனக்குள் ஒரேயொரு கேள்வி மட்டும் இருந்தது. அந்த இருபத்தைந்து நிமிடத்தில் அவர் எப்போது போனார்? சாக்குப் போட்ட உடனே போயிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்படி இருக்கவேண்டும் என்று விரும்பினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகள் திரும்பிப் போன பிறகு பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அன்றைக்குச் சாக்குப் போட முன்னால் போனபோது, அந்தத் த்ரீவீல்காரர் ஜன்னலோரமே நின்றதை நான் கண்டிருந்தேன். அவரிடம் கேட்கலாம். ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆன்ட்டி! எத்தன நாளா நெனச்சேன். காருக்கு ஒண்ணும் ஆகலியே? ரெண்டு நாளும் நாங்க மாறி மாறிப் பாத்துக்கிட்டோம். அங்கிள் அவ்ளோ சொன்னாரே."

"எப்ப சொன்னவர்?"

"நீங்க தண்ணி ஊத்துறப்பதான். எனக்கு மனசு கேக்கல, திரும்பக் கேட்டேன். போவோம் தம்பி, காரக் கொஞ்சம் பாத்துக்கோன்னாரு. ஆன்ட்டியக் கூப்புடவான்னேன். வேணாம், அவ ஊத்தி முடிக்கட்டும்னாரு. நான் வண்டியத் திருப்பப் போனேன்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "அங்கிள் இப்ப சொகமா இருக்காரா?"

"ஓம். சுகமாயிருக்கிறார்."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த முறை அங்கிளையும் கூட்டி வாருங்கள் என்றார். வருவோம் என்றேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. புறக்கோட்டை தாண்டும்வரை ஒன்றுமில்லை. பிறகு பார்த்தால் கையிலிருந்த டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்திருந்தேன். கோபம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர்மேல் அப்படியொரு கோபம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஊற்றி முடிக்கட்டுமாம். மூன்றடி தூரத்தில்தானே நின்றேன். கூப்பிட்டிருந்தால் கானைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேனே.