சலங்கை கட்டிய பாலன்

டிசம்பர் பிறந்தால் போதும், இந்தச் செக் நாட்டில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "யெஜீஷெக் உங்களுக்கு என்ன கொண்டுவரப் போறார்?" ரொட்டிக் கடையில் கேட்கிறார்கள், மகளின் பள்ளிக்கூட வாசலில் கேட்கிறார்கள், பேக்டரியில் எங்கள் லைன் லீடர் கேட்கிறார். யெஜீஷெக் என்றால் குட்டி இயேசு, நம் பாலன் இயேசுதான். வந்த முதல் வருடம் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வாயைத் திறந்தால் பாலன் பெயரைச் சொல்கிற ஊருக்கல்லவா வந்து சேர்ந்திருக்கிறோம் என்று லைன் லீடரின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைச் செக்கில், "பாவமன்னிப்பும் சமாதானமும் கொண்டுவருவார்" என்றேன். அவர் கையை மெல்ல உருவிக்கொண்டு, "எனக்கு டிரில்லிங் மெஷின்" என்றார்.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பிடிபட்டது என்றா சொன்னேன்? இன்றுவரை பிடிபடவில்லை. இங்கே பரிசு கொண்டுவருவது கிறிஸ்மஸ் தாத்தா இல்லை, பாலன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பார்கள். அவர் வந்து பரிசை வைத்துவிட்டு ஒரு மணியை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கு முகம்கூட இவர்கள் வைக்கவில்லை. ஆனால் எங்கள் தெருக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பத்துத் தலை தேறாது. கீழ் வீட்டில் இருக்கும் ஹானா அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். அறுபது வயது தாண்டியவர், எங்கள் மேல் பிரியமானவர்.

"கிறிஸ்மஸ் திருவிழாவுக்கு எத்தனை மணிப் பூசைக்குப் போவீங்க?"

"எதுக்குப் போகணும்? எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாதே."

"யெஜீஷெக் வருவார்னு சொன்னீங்களே?"

"வருவார். அதுல என்ன சந்தேகம்? அது வேற, இது வேற."

உப்பு வேறு, சர்க்கரை வேறு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம். அங்கே கிறிஸ்மஸ் குடில் கட்டுவது என்றால் முதலில் சிமெண்டுச் சாக்கு தேட வேண்டும். சாக்கைக் கசக்கி, வண்ணம் அடித்து நிறுத்தினால் பெத்லகேம் மலை தயார். அடிவாரத்துக்குச் சுண்ணாம்புக்கல். சில கல்லில் சிப்பியின் வரிகூடத் தெரியும். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் வந்துவிடும், தீவனத் தொட்டி மட்டும் காலியாகக் கிடக்கும். ராப்பூசையில் மணி அடித்தபிறகுதான் சாமியார் பாலனைக் கொண்டுவந்து வைப்பார். வரிசையில் போய் நாங்கள் பாதத்தை முத்தி செய்வோம். பிள்ளைக்குக் கொடுப்பது முத்தம், பாலனுக்குக் கொடுப்பது முத்தி. அந்தச் சொல் மாறினால் எங்கள் உபதேசியார் காதைத் திருகிவிடுவார்.

எங்கள் வீட்டுப் பாலனுக்குத் தனிக்கதை உண்டு. மகள் ஆக்னஸ் பிறந்தபோது, பெரம்பலூர்க்காரரான என் மாமனார், அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிறவரிடம் "ஒரு பாலன் செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எந்தப் பாலன் என்று சொல்லவில்லை. சிற்பி தனக்குத் தெரிந்த பாலனைச் செய்துவிட்டார். சுருட்டை முடி, குழிந்த கன்னம், இரண்டு காலிலும் சலங்கை. மந்திரிக்கக் கொண்டுபோனபோது கோவிலே சிரித்தது. சாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாரு வூட்டுப் புள்ளைங்க?" என்றார். மாமனார் அசரவில்லை. "உங்க கையால தண்ணி தெளிங்க சாமி, நம்ம வூட்டுப் புள்ளையாயிடும்" என்றார். தெளித்தார். அந்தப் பாலன்தான் துண்டில் சுற்றி எங்களோடு விமானம் ஏறினார்.

போன வருடம் ஆக்னசுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள் என்று யெஜீஷெக்குக்கு அவளும் கடிதம் எழுதினாள், ஐஸில் சறுக்கும் ஸ்கேட்ஸ் வேண்டும் என்று. எழுதிவிட்டுக் கேட்டாள்: "யெஜீஷெக்கும் நம்ம யேசு சாமியும் ஒருத்தராப்பா?"

"ஒருத்தர்தான்டா தங்கம்."

"அப்ப ஸ்கேட்ஸ் கொண்டுவரலன்னா பூசைக்குப் போவ வேணாமா?"

என் மனைவி சகாயம் கரண்டியோடு திரும்பினாள். "நல்லா வளக்குறீங்க. சாமியக் கடைக்காரரா ஆக்கிட்டா பாருங்க."

ஸ்கேட்ஸ் வாங்க முடியாமல் இல்லை. வாங்கி வைத்தால் யார் தந்தது என்று சொல்வது? பாலன் தந்தார் என்றால் அவள் விசுவாசம் ஒரு ஜோடிச் செருப்பில் நிற்கும். அப்பா தந்தேன் என்றால் பாலன் வரவே இல்லை என்றாகிவிடும். புத்தி கேட்க ஊரில் இருக்கும் லூர்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள் அக்கா. "குடில் முன்னால செல்பி எடுக்கன்னு ஆள் ஒசரத்துக்குத் தாத்தா பொம்மைய நிறுத்தி வச்சிருக்கானுவ. பாலனுக்கு வைக்கோல் போடக்கூட வழியில்ல. நான்தான் போயி தாத்தாவக் கட்டிப்புடிச்சு ஓரமா நவுத்திட்டு வந்தேன். பாத்தவளெல்லாம் சிரிக்கிறாளுவ. அங்கயாச்சும் பாலன் பேரச் சொல்றானுவல்ல, வுடுடா."

இங்கே நம்பிக்கை இல்லாமல் பெயர் இருக்கிறது. அங்கே நம்புகிறவர்களே தாத்தாவை நிறுத்திப் பாலனை மறைக்கிறார்கள். நான் இன்னும் குழம்பிப்போனேன். ஸ்கேட்ஸ் வாங்கவில்லை.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஹானா அம்மா விருந்துக்குக் கூப்பிட்டார். பொரித்த கெண்டை மீனும் உருளைக்கிழங்கு சாலடும். ஆக்னஸ் பாலனைத் துண்டில் சுற்றிக் கையோடு எடுத்து வந்தாள். இங்கே ஏழரை என்றால் ஊரில் பன்னிரண்டு. அக்கா வீடியோவில் ராப்பூசையைக் காட்டிக்கொண்டிருந்தாள். போனுக்குள் எங்கள் கோவில் மணி அடித்த அதே நேரம், அடுத்த அறையில் ஹானா அம்மாவின் யெஜீஷெக் மணியும் கிணுகிணுத்தது. "வந்துட்டுப் போயிட்டார்!" என்று அவர் அங்கிருந்து வந்து கையைத் தட்டினார். ஆக்னஸ் ஓடிப்போய்ப் பரிசைப் பிரித்தாள். கம்பளிக் கையுறை. ஸ்கேட்ஸ் இல்லை. திரும்பி வந்து, துண்டைப் பிரித்துப் பாலனை மேசைமேல் வைத்தாள்.

"இவர்தான் யெஜீஷெக். முத்தி செய்யுங்க" என்றாள் செக்கில், முத்தியை மட்டும் தமிழில்.

ஹானா அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சலங்கையை விரலால் தொட்டார். "அட, மணி இவர் கால்லயா இருக்கு! இத்தனை வருஷமா கையில வச்சு ஆட்டுறார்னு நினைச்சேன்" என்றார். அரும்பாவூர் சிற்பியின் தப்பு இந்த நாட்டில் வந்து சரியாகிவிட்டது. ஹானா அம்மா முத்தி செய்யவில்லை. எழுந்துபோய்ப் பாலனுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னலைச் சாத்தினார், மேசைத் துணியை மடித்துப் பாலனுக்குப் போர்த்தினார்.

"நம்பிக்கை இல்லைன்னீங்களே?" என்றேன்.

"நம்பிக்கைக்கும் இதுக்கும் என்ன? குழந்தை குளிர்ல கிடக்கே."

படியேறும்போது ஆக்னசிடம் மெதுவாகக் கேட்டேன். "காலையில பூசைக்கு வருவியாடா?"

"வருவேம்ப்பா. அவரே வெறுங்காலோட வந்திருக்கார், எனக்கு எங்கேர்ந்து ஸ்கேட்ஸ் வாங்குவார்?"

சகாயம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கரை சேர்ந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் வந்ததும் ஆக்னஸ் இங்கேயும் சிமெண்டுச் சாக்கு தேடி நாங்கள் கட்டியிருந்த குடிலின் மலையடியில் பாலனைக் கிடத்தினாள், பாதத்தை முத்தி செய்தாள். பிறகு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள்.

"யாருக்குடா?"

"யெஜீஷெக்குக்கு. நம்ம வூட்டுக்கு இன்னும் வரலயேப்பா."

அவள் தூங்கப் போய்விட்டாள். "ஹீட்டர் ஓடுது, சாத்துங்க" என்றாள் சகாயம் உள்ளேயிருந்து. கொக்கியில் கை வைத்தபடி நின்றேன். சாத்தினால் ஒரு பாலன் வெளியே நின்றுவிடுவார். திறந்து விட்டால் இன்னொரு பாலன் உள்ளே நடுங்குவார். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று பிள்ளையிடம் சொன்னவன் நான். காற்று சாக்கு மலையை லேசாகச் சரசரக்க வைத்தது. கையை எடுக்கவும் இல்லை, கொக்கியைப் போடவும் இல்லை.