நாலாம் லைன் போனுக்குக் கரண்ட்

ஆபீஸ் போனுக்குக் குறைந்த செலவில் எப்படிக் கரண்ட் கொடுக்கலாம் என்று யோசித்துச் சொல்வது எங்கள் தொழில். அதைக் காதில் வாங்காமல் இன்னும் மலிவாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு எங்களையே கூப்பிட்டுத் திட்டுவது வாடிக்கையாளர்களின் தொழில்.

நான் எம்.இ. இரண்டாம் வருடம். ப்ராஜெக்டுக்காக ஒரகடத்தில் நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஏழு மாதம் இருந்தேன். முதலாளி தனசேகர் அண்ணன், வாலாஜாபாத்காரர். நாங்கள் அடிக்கடி போய் வந்தது கார்களுக்கு ஒயரிங் கட்டிக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலைக்கு. உங்கள் மேஜையிலும் ஒரு போன் செத்துக் கிடந்து, "பாத்துக்கினு இருக்காங்க" என்ற பதிலை வாரக்கணக்கில் கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான், மேலே படியுங்கள்.

மூன்று வழி

பழைய டெலிபோனுக்குக் கரண்ட் அதன் ஒயரிலேயே வந்துவிடும். இன்டர்நெட் போனுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழி. போனுக்கொரு அடாப்டர் வாங்கிச் சுவரில் செருகலாம். அல்லது நெட்வொர்க் கேபிளின் நடுவே இன்ஜெக்டர் என்ற சின்ன டப்பாவை வைத்தால், அது கேபிளுக்குள்ளேயே கரண்டை ஏற்றி அனுப்பும். இல்லையென்றால் எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டியையே கரண்டும் தருகிற மாதிரி வாங்கிவிடலாம். அந்தப் பெட்டிக்கு ஒரு யு.பி.எஸ். வைத்துவிட்டால் மின்சாரம் போனாலும் அத்தனை போனும் உயிரோடு இருக்கும்.

பெட்டிதான் கடைசியில் மலிவு என்று பர்ச்சேஸ் மேனேஜரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். அடாப்டர் வைத்தால் ஒவ்வொரு போனுக்கும் புது ப்ளக் பாயிண்ட் அடிக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் கூலி வேறு, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள் என்றேன். கூட்டியும் பார்த்தார். பிறகு அடாப்டருக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீ சொல்ற கணக்கு சரிதாம்மா. ஆனா ப்ளக் பாயிண்ட் மெயின்டனன்ஸ் செலவுல போயிடும், என் செலவுல வராது."

இசக்கி கேட்டது

அந்தத் தொழிற்சாலையில் வரிசையாக உட்கார்ந்து ஒயரிங் கட்டும் லைனுக்குள் செல்போன் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மேனேஜர்களின் சட்டைப் பையில் மட்டும் இரண்டு இரண்டாக இருக்கும்; அவர்களுடைய போனில் ரகசியம் எதுவும் வெளியே போகாது போலிருக்கிறது. ஆக, நாலாம் லைனில் வேலை பார்க்கும் அறுபது பெண்களுக்கும் வெளியுலகம் என்பது தூணில் நாங்கள் மாட்டிய அந்த ஒரு போன்தான்.

மாட்டிக்கொண்டிருக்கும்போது இசக்கியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். சங்கரன்கோவில் பக்கம். மூன்று வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். குழந்தைக்கு வலிப்பு வரும். வந்தால் மூக்கில் அடிக்க ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அம்மாவுக்குப் பதற்றத்தில் கை ஓடாது, இசக்கி போனில் ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் செய்வார். இந்த போன் எந்த நேரமும் அடிக்குமா என்று கேட்டாள். அடிக்கும் என்றேன். பெட்டிக்குப் பதில் அடாப்டர்தான் வந்திருக்கிறது என்று தெரிந்தும் அப்படிச் சொன்னேன். அவள் உள்ளங்கையில் நம்பரை எழுதிக்கொண்டாள். "அம்மைட்ட இந்த நம்பரக் குடுத்துருதேன்க்கா. படிச்சவுக நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்."

மிச்சம் பிடித்த மின்சாரம்

ஒவ்வொரு மாதமும் எந்த லைன் மின்சாரத்தை அதிகம் மிச்சப்படுத்துகிறதோ, அதன் சூப்பர்வைசர் படத்தைக் கேண்டீன் வாசலில் மாட்டுவார்கள். நாலாம் லைன் குமரேசன் படம் அங்கேயிருந்து இறங்கினதே இல்லை. டீ பிரேக்கில் லைன் காலியானதும் சுவரோடு நடந்து ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்துக்கொண்டே போவார். திரும்பி வந்து ஃபேன் சுற்றவில்லையென்றால் பெண்கள் சத்தம் போடுவார்கள், லைட் எரியவில்லையென்றாலும் போடுவார்கள். போன் அணைந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

மூன்று நாள் அது அப்படியே கிடந்தது. அந்த மூன்று நாளில் ஒரு மதியம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. மருந்து அலமாரியிலேயே இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிழைத்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்த பிறகுதான் இசக்கிக்கே தெரியும்.

போன் சுவிட்சின் மேல் "அணைக்காதீர்கள்" என்று சிவப்புத் தாள் ஒட்டினேன். அனுமதி இல்லாத ஸ்டிக்கர் என்று ஆடிட்டில் கிழித்துவிட்டார்கள். குமரேசனிடம் சண்டைக்கே போனேன். அவர் கெட்ட மனுஷனில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "இன்னாம்மா நீ, ஆளே இல்லாதப்ப அந்த போனு யாருக்கு எரிஞ்சிகினு கீது?"

டப்பா வந்தது, போனது

என் கத்தல் தாங்காமல் பர்ச்சேஸ் இரண்டாவது வழிக்கு இறங்கி வந்தது. இன்ஜெக்டர் என்றால் கரண்டை அனுப்புமுன் எதிர்முனையில் இருப்பது போன்தானா என்று சரிபார்த்து அனுப்புகிற வகையை வாங்குங்கள் என்று எழுதியே கொடுத்தோம். பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று, எதையும் பார்க்காமல் கரண்டைத் தள்ளிவிடுகிற வகை வந்து இறங்கியது. போன்களுக்கு உயிர் வந்தது, அவற்றின் பச்சை விளக்கைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன். அதுவும் என் தப்புதான்.

பத்தாம் நாள் குவாலிட்டி இன்ஜினியர் ஒருவர் அவசரத்துக்குப் போனிலிருந்து கேபிளைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகினார். லேப்டாப்பில் கேபிள் செருகும் இடம் கருகிப்போயிற்று. அன்றைக்கே எல்லா டப்பாவும் கழன்று, பழையபடி சுவரில் அடாப்டர். போன் கேபிளைப் பிடுங்கலாமா என்று அவரிடம் கேட்டதற்கு அவர் சொன்னதை என்னால் இன்றுவரை மறுக்க முடியவில்லை: "எல்லா ஒயரும் ஒரே மாதிரிதான் இருக்கு. உள்ள கரண்ட் ஓடுதுன்னு வெளிய எழுதியா வெச்சிருக்கீங்க?"

ஷூவுக்குள்

அதற்குப் பிறகு இசக்கி தூணைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரு சின்னப் பட்டன் போனை ஷூவுக்குள் வைத்து உள்ளே கொண்டுபோனாள். நாலாவது நாளே சோதனையில் பிடிபட்டாள். காண்ட்ராக்ட் வேலை; விசாரணை எதுவும் இல்லை, அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

தனசேகர் அண்ணன் வேண்டாம் என்று தடுத்தும் எச்.ஆர். மேடத்தைப் பார்க்கப் போனேன். தூணில் இருந்த போன் ஒழுங்காக அடித்திருந்தால் அவள் ஏன் ஷூவுக்குள் ஒன்றை ஒளிக்கப் போகிறாள் என்று கேட்டேன். விதியை மீறியது அவளா, நீங்களா என்றும் கேட்டேன். கேள்விகள் நன்றாகத்தான் அமைந்தன. அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். போன் மாட்டிய அன்று நாங்கள் கொடுத்த ரிப்போர்ட். "நாலாம் லைன் போன் நல்லா வேலை செய்யுதுன்னு இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானேம்மா?"

காபி மெஷின்

அடுத்த மாதம் மீட்டிங் ரூமில் ஆலைத் தலைவர் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஹவுஸ்கீப்பிங் அக்கா வந்தவர்களுக்குக் காபி போட ப்ளக் தேடி, போன் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் செருகினார். பேச்சு பாதியில் அறுந்தது.

ஒரே வாரத்தில் கரண்ட் தரும் பெட்டி வந்தது, யு.பி.எஸ். வந்தது. யாரும் விலை கேட்கவில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தனசேகர் அண்ணன் என்னைப் பார்த்து, சிரிக்காமல் சொன்னார்: "ஏழு மாசமா நீ கத்திகினு இருந்தத ஒரு காபி மெஷினு ஒரே நாள்ல பேசி முடிச்சிட்ச்சு பாரு."

மணி அடித்தது

நாலாம் லைனில் கடைசிச் சோதனை. டீ பிரேக். குமரேசன் மெயின் சுவிட்சையே இறக்கினார். ஃபேன்கள் நின்றன, லைட்டுகள் போயின. தூணில் பச்சை விளக்கு மட்டும் அப்படியே எரிந்தது. குமரேசன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

அப்போது மணி அடித்தது. தனசேகர் அண்ணன்தான் ஆபீசிலிருந்து சோதித்துப் பார்க்கிறார் என்று எடுத்தேன். ஒரு வயதான பெண் குரல், இசக்கி இருக்காளா என்று கேட்டது. பிள்ளைக்கு நேற்று இரண்டு தடவை வலிப்பு வந்ததாம், இப்போது தூங்குகிறதாம், பயமில்லையாம், அவளிடம் சொல்லிவிட வேண்டுமாம். வேலை போனதை அவள் வீட்டில் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறைமலை நகரில் எங்கோ வேலைக்குப் போகிறாள் என்று ஹாஸ்டல் பெண்கள் சொல்லியிருந்தார்கள். வேறொரு கேட்டில், வேறொரு லாக்கருக்குள் இப்போது அவள் செல் அடித்து ஓய்ந்திருக்கும்.

செல்லில் கூப்பிட்டுப் பார்த்தீர்களா அம்மா என்றேன். அந்த அம்மா என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்: "செல்லுல எடுக்க மாட்டேங்காம்மா, வேலைல இருப்பா. இந்த நம்பருக்கு அடிச்சா எப்பவும் கெடைக்கும்னு அவதான் சொல்லிருக்கா."

ஆபீஸ் போனுக்குக் கரண்ட் கொடுக்க எது மலிவான வழி என்று இப்போது யார் கேட்டாலும், அந்த போன் யாருக்காக அடிக்க வேண்டும் என்று முதலில் திருப்பிக் கேட்கிறேன், அதனாலேயே எனக்கு எந்த ஆர்டரும் கிடைப்பதில்லை.