வெர்லின் நகர்த்திய தகடு

நாற்பத்தேழு வயது வரைக்கும் வெர்லின் ஸ்டோக்ஸுக்குத் தண்ணீர் என்றால் கூரையில் ஒழுகுவது மட்டும்தான். கூரை வேய்வது அவன் தொழில். ஹாலர் ஏரிக்கரையில் வீடு, வாசலில் படகு, நீர்ச்சறுக்கில் ஃப்ளோரிடா மாநிலப் போட்டி வரை போன மனைவி ரோடா. இவ்வளவும் இருந்தும் கரையில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றே காலத்தை ஓட்டிய மனுஷன். ரோடாவுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்து, இனிப் படகு இழுக்கும் கயிற்றைப் பிடிக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவன் தண்ணீரில் இறங்கினான்.

ஆசையால் அல்ல, பயத்தால். அந்தக் குளிர்காலம் முழுக்க ரோடா படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். பேசச் சொன்னால் பேசவில்லை. ஒருநாள் வேறு வழி தெரியாமல், எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடு, நீ படகை ஓட்டு என்று உளறி வைத்தான். அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். காற்று கிளம்புவதற்கு முன் ஏரி அலையில்லாமல் கிடக்கும் விடியற்காலையில் அவள் படகை ஓட்ட, இவன் பின்னால் விழுந்து விழுந்து எழுந்தான். கரைக்கு வந்ததும் அவனை வாய் ஓயாமல் திட்டினாள். அந்தத் திட்டுக்காகவே அவன் தினமும் விழத் தயாராக இருந்தான்.

தன்னுடைய சறுக்குப் பலகையையே அவள் அவனுக்குக் கொடுத்தாள்; அதில் பூட்டியிருந்த காலணியை மட்டும் அவன் காலுக்கு மாற்றினாள். வம்பே அதில்தான். புதிதாகப் பழகுகிறவனுக்கு அகலமான பலகை வேண்டும். கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும், அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவன் செய்யும் தப்பை அது பொறுத்துக்கொள்ளும். ரோடாவினுடையதோ ஒடுக்கமானது, விறைப்பானது. அடியில் நீளவாக்கில் ஓடும் குழிவு தண்ணீரைக் கவ்வும். மூக்கிலிருந்து வால் வரை உள்ள வளைவு, போட்டியில்போல ஏரியில் வரிசையாகக் கட்டிவிட்ட மிதவைகளைச் சட்டென்று சுற்றுவதற்காக வைத்தது. அவளுடைய எடைக்குச் செய்த அந்தப் பலகை, இவன் ஏறியதும் பாதி முங்கியது. முதல் மிதவையிலேயே வால் வழுக்கி, தினமும் ஒரே இடத்தில் குப்புற விழுந்தான்.

பக்கத்து வீட்டு ஓடெல் தன் பழைய அகலப் பலகையைத் தருவதாகச் சொல்லி, நடக்கத் தெரியாதவன் பந்தயக் குதிரை மேல் ஏறினாற்போல இருக்கிறது என்று கேலி செய்தான். வெர்லின் மறுத்துவிட்டான். அந்தப் பலகை தண்ணீரில் இருக்கும் வரைதான் ரோடா படகில் இருப்பாள் என்று அவனுக்குள் ஒரு கணக்கு.

அந்த ஏரியில் எவன் விழுந்தாலும் தன் முழங்காலைக் குறை சொல்ல மாட்டான். பலகை திரும்புவதைத் தீர்மானிக்க அதன் வாலடியில் திருகி வைத்திருக்கும் சிறு தகட்டைத்தான் குறை சொல்வான். அதை மயிரிழை முன்னே தள்ளுவான், பின்னே தள்ளுவான். எல்லோரும் செய்வதுதானே என்று, ரோடா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம் வெர்லினும் திருகைத் தளர்த்தி, தகட்டை லேசாகத் தட்டி முன்னே நகர்த்தினான். அவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினான்.

மறுநாள் காலை முதல் மிதவையைச் சுற்றிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவை. அவள் கை தட்டுவாள் என்று பார்த்தான். படகு நின்றது.

"தகட்டத் தொட்டியா?"

"கொஞ்சம்தான் ரோடா. மயிரிழைதான்."

"முன்னாடி எங்க இருந்துச்சு?"

அவனுக்குத் தெரியவில்லை. அழுக்குக் கோடாவது இருந்திருக்கும், அதையும் தேய்த்துவிட்டிருந்தான். பல கோடைகள் தட்டித் தட்டி, காலுக்குச் சரியென்று பட்ட இடத்தில் அவள் நிறுத்தி வைத்த தகடு அது.

"நான் அத அளந்து வெக்கல, வெர்லின். என் காலுக்குத்தான் தெரியும். அந்தக் கால் இனி ஏறாது."

தேற்றுவதாக நினைத்து அவன் சொன்னான், பாவி: "நீதான் இனி ஏறப் போறதில்லயே. அது எங்க இருந்தா என்ன?"

அவள் அவனைப் படகில் ஏற்றி, படகைக் கரையில் கட்டி, சாவியை அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெர்லின் அன்று இரண்டு முறை மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றாள். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவள் ஏரிப்பக்கமே வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, விவரம் தெரியாத ஓடெல் வேலியோரம் வந்து நின்றான். முதல் மிதவையைச் சுற்றிவிட்டாயாமே, விடாதே, நான் படகை ஓட்டுகிறேன், வா என்று கூப்பிட்டான்.

வெர்லின் வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குச் சறுக்கணும்னு எப்பவும் இருந்ததில்ல ஓடெல்," என்றான். "அவ ஓட்டணும்னுதான் இருந்துச்சு."