நாற்பதை அடித்துவிட்டு எண்பத்தைந்து

தராசுகளைச் சந்தேகப்படுவதுதான் லோர்னா ட்வைட்டுக்கு வேலை. எடைக்கற்கள் அடுக்கிய பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு மாவட்டம் முழுக்கக் கடை கடையாகப் போவாள். கறிக்கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர் என்று ஒவ்வொன்றையும் சோதித்து முத்திரை ஒட்டுவாள். "நீ வந்தாலே என் தராசுக்குக் காய்ச்சல் வந்துடுது" என்பார் ஓக்லண்ட் கறிக்கடைக்காரர். "காய்ச்சல் வந்தா அரை அவுன்ஸ் கூடக் காட்டுமோ?" என்று இவள் திருப்பிக் கேட்பாள்.

அவளுடைய நாற்பத்தொரு வயதில் புருஷன் விட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் அந்த இணையதளம் அவள் கண்ணில் பட்டது. மனிதன் தன்னைத்தானே எப்படி ஏமாற்றிக்கொள்கிறான், பிசகாமல் யோசிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதற்குக் கீழே நானூறு பின்னூட்டங்களில் சண்டை நடக்கும். நாங்களெல்லாம் அங்கே சண்டை போட்ட கூட்டம்தான். மண்டைக்குள் இருக்கும் தராசையும் சோதித்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னது லோர்னாவுக்குப் பிடித்துப்போனது. பெர்க்லியில் அவள் வீட்டுக் கூடம் புதன்கிழமைதோறும் எங்களுடையதாயிற்று.

எங்களுக்கு எதற்கெடுத்தாலும் எவ்வளவு நிச்சயம் என்று சதவீதம் சொல்லியாக வேண்டும்.

"சூப்புல உப்பு சரியா இருக்கா?"

"எழுபது சதவீதம் சரி."

"உன் மூஞ்சி அம்பதுதான்னு சொல்லுது."

இப்படித்தான் போகும் பேச்சு. அதோடு இரண்டு வழக்கங்கள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வரும் வருடம் என்ன நடக்கும், எத்தனை சதவீதம் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி, வாசித்துக் காட்டி, பிஸ்கட் டின்னில் போடுவோம். மறுவருடம் திறந்து பார்ப்போம். இன்னொன்று, யாராவது "நான் நினைச்சது தப்பு" என்று சொன்னால் எல்லோரும் கைதட்டுவோம். வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தப்பை ஒப்புக்கொள்கிறவனுக்குக் கைதட்ட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

லோர்னா தன் கையால் ஒரு விதியும் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள்: 'ஒருவர் சொல்லும் எண் உன் எண்ணோடு ஒத்துப்போகவில்லையா? முதலில் அவரிடம் இதைக் கேள்: எனக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்?'

கூட்டத்துக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவன் ஆன்செல் ரேட்மேக்கர். முப்பத்தெட்டு வயது, மென்பொருள் வேலை, கூச்ச சுபாவம். எல்லோரும் வாயால் வாதாடிக்கொண்டிருக்க, அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். லோர்னாவுக்கு அவன் பிள்ளையும் இல்லை, தம்பியும் இல்லை. ஆனாலும் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மருத்துவமனைப் படிவம் கேட்டால், அவள் எழுதுவது அவன் பெயரைத்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடத்து டிசம்பர் அது. ஆன்செல் தன் சீட்டை வாசித்தான்.

"அடுத்த வருஷம் இந்தக் கூட்டத்துக்கு நான் வருவேன். நாப்பது சதவீதம்."

காப்பீட்டுக் கம்பெனியில் கணக்குப் போடும் கார்வின் துள்ளி எழுந்தான். "நாப்பதா? டேய், வேலை மாறுறியா?"

"இல்ல."

"ஊரு மாறுறியா? கல்யாணம் கில்யாணமா?"

கூடம் சிரித்தது. ஆன்செலும் சிரித்தான்.

"அப்புறம் என்னடா? உன் வயசுல வருஷத்துக்குச் சாகிறவன் ஆயிரத்துல ரெண்டு மூணு பேர். ஊரை விட்டுப் போறவன் நூத்துல பத்துப் பேர். எப்படிப் பாத்தாலும் எண்பத்தஞ்சுக்குக் கீழ வராது."

"பொதுக்கணக்கு எல்லாருக்கும் பொருந்தாதுல்ல?" என்றான் ஆன்செல். கார்வினைப் பார்க்கவில்லை, லோர்னாவைப் பார்த்தான்.

"நீ வர ஆரம்பிச்ச இந்த ஆறு வருஷத்துல வராத புதன் ரெண்டே ரெண்டு" என்றாள் லோர்னா. "உன்னை எனக்குத் தெரியாதா? ஏதோ சோர்வுல எழுதியிருக்கே. எண்பத்தஞ்சு போடு."

ஆன்செல் பேனாவை எடுத்தான். பிறகு நாற்பதை அடித்துவிட்டு எண்பத்தைந்து என்று எழுதினான். "சரி. நான் நினைச்சது தப்பு" என்றான்.

கைதட்டினோம். லோர்னா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

ஜனவரியில், தொலைவில் துலூத் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மார்ச்சில் அந்த அக்கா இங்ரிட் லோர்னாவுக்குப் போன் செய்தாள். கணையத்தில் புற்றுநோய். எல்லாம் முடிந்துவிட்டது.

"எப்போ தெரிஞ்சுது அவனுக்கு?" லோர்னாவுக்கு அது ஒன்றுதான் கேட்க வந்தது.

"டிசம்பர் ஏழாம் தேதி டாக்டர் சொன்னார். உங்க கூட்டத்துல சொல்லிடுறேன், அவங்க இருக்காங்கன்னான். கூட்டம் நடந்த அன்னைக்குச் சாயங்காலமே போன் பண்ணி, சொன்னியாடான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"யாரும் கேக்கலைன்னான்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதைத்தான் செய்தோம். விவரம் தெரிந்தவன் எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரின் கணக்கை எடுத்து அவன் வாயை அடைத்தோம். லோர்னா குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளைக் கிழிக்கவில்லை. அதைப் பார்க்காமல் பால் எடுக்கவும் முடியவில்லை. கடைகளில் முள் சரியான எடையில் நின்ற பிறகும் கல்லைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். வேனுக்குள் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த டிசம்பரில் டின்னைத் திறந்தோம். சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்த கார்வின் ஒரு சீட்டில் நின்றான். அதை லோர்னாவிடம் நீட்டினான். அவள் எழுந்து நின்றாள்.

"ஆன்செல் எழுதினது நாப்பது. அதுதான் சரி. அடிச்சு எழுதின எண்பத்தஞ்சு என்னோடது. நான் கேட்டிருக்கணும், கேக்கல. நான் நினைச்சது தப்பு."

கூட்டம் தொடங்கிய இந்த ஒன்பது வருடத்தில் முதல்முறையாக எங்களில் ஒருவரும் கைதட்டவில்லை.

டெல்ஃபின் என்ற கால்நடை மருத்துவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்திருந்தாள். எங்கள் வழக்கத்தைச் சற்று முன்னால்தான் யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் மட்டும் கைதட்டினாள். இரண்டு தட்டு. பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க, எனக்குத் தெரியாது..."

"நிறுத்தாதேம்மா" என்றாள் லோர்னா. "போன வருஷம் அவன் சரியாத்தான் சொன்னான். தப்புன்னு ஒத்துக்க வச்சு, அதுக்கும் தட்டினோம். தட்டவேண்டியது இதுக்குத்தான்."