சிட்சை தொங்கிய ஆணி

விளக்கெண்ணெய் வாசனை எங்கிருந்தாவது வந்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கும். மற்றவர்களுக்கு அது பேதி மருந்தையோ தலைமுழுக்கையோ நினைவூட்டலாம். எனக்கு அது சனிக்கிழமைச் சாயங்காலங்களின் வாசனை. மறுநாள் ஆலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் துணிகளை இஸ்திரி போட்டு, அப்பாவின் செருப்பைத் துடைத்து வைத்தபின், கூடத்துச் சுவரில் தொங்கும் பிரம்பை இறக்கி, பழந்துணியில் எண்ணெய் விட்டு நுனிவரை நீவிவிடுவது மூத்தவளான என் பொறுப்பு. எண்ணெய் காட்டாவிட்டால் பிரம்பு வெடித்துச் சிலாம்பு கிளம்பிவிடும், பிள்ளைகளின் கையைக் கிழித்துவிடும் என்று அப்பாவுக்குக் கவலை. அவ்வளவு அக்கறையான மனிதர்.

அதைப் பிரம்பு என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. எங்கள் வீட்டில் அதன் பெயர் "சிட்சை", அதாவது திருத்துவதற்காகத் தரும் தண்டனை. ஆலயத்தில் பிரசங்கங்களில் மட்டும் கேட்கிற அந்தச் சொல்லை, துடைப்பம், முறம் மாதிரி சாதாரணமாக நாங்கள் புழங்கினோம். "சிட்சைய எடுத்தா" என்றால் தம்பி எபிக்கு முகம் சுருங்கிவிடும். தேரடித் தெருவில் உருத்திராட்ச மாலையும் குங்குமமும் விற்கிற கடையில் வாங்கியது அது. கோவில் பிரசாதம் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும் அப்பா, பிரம்பு விஷயத்தில் அந்தப் பேதமெல்லாம் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த இயேசுவின் படத்துக்குக் கீழே ஒரு ஆணி; குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் தருகிற ஓலையில் அம்மா முடைந்த சிலுவையும், சிட்சையும் அந்த ஒரே ஆணியில் தொங்கின. அது பொருத்தமில்லாத ஜோடி என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அப்பா முரடர் இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எறும்பு மொய்த்த சர்க்கரையை வெயிலில் வைத்து எறும்புகள் தாமாகப் போகும்வரை காத்திருப்பார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் அவர்தான். கோபத்தில் அடிப்பது பாவம், நிதானமாக அடிப்பதுதான் அன்பு என்பது அவர் கொள்கை. அதனால் எங்கள் வீட்டில் அடி நிதானமாக விழும். எதற்காக என்று முதலில் நாமே சொல்ல வேண்டும், பிறகு கையை நீட்ட வேண்டும், பிறகு அப்பாவும் நாமும் சேர்ந்து முழங்கால் போட்டு, திருத்தியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஜெபத்தின்போது எபி கண்ணை மூடவே மாட்டான். பிரம்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் மூடுவதில்லை.

எங்கள் ஊரில் கிறிஸ்தவராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பெரிய வெள்ளிக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் அதிக நாள் இடைவெளி இருக்காது. நாங்கள் சிலுவையைத் தியானிக்க வெள்ளைத் துணி உடுத்திக் கிளம்புகிற நாட்களில்தான் ஊர் முழுக்க மலையைச் சுற்ற வந்த கூட்டம் நிரம்பியிருக்கும். வீடு செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் இருந்ததால், "அரோகரா" சத்தம் எங்கள் குடும்ப ஜெபத்துக்குள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா அப்போது கொஞ்சம் உரக்க ஜெபிப்பார்.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தைய நாளே பௌர்ணமி. வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு சபையார் பேசுவது வழக்கம். முதல்முறையாக அப்பாவுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்கள், அதுவும் முதல் வார்த்தை: ஆணி அடித்தவர்களை மன்னிக்கும்படி வேண்டியது. லெந்து என்கிற தவக்கால நாட்கள் முழுக்க அவர் அதைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார். குக்கர் விசில் அடித்தால்கூட அம்மா ஓடிப்போய் அணைப்பாள்.

வியாழன் மத்தியானம் பரீட்சை முடிந்ததும் எபி வீட்டுக்கு வராமல் கூட்டாளி சீனுவோடு போய்விட்டான். சீனுவின் அம்மா கிரிவலம் வருகிறவர்களுக்காக நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பொழுது சாயும்வரை தம்ளரில் மோர் மொண்டு கொடுத்திருக்கிறான். குடித்த ஒரு பெரியவர் மனசு குளிர்ந்து, மடியிலிருந்த விபூதியை எடுத்து அவன் நெற்றி நிறையப் பூசிவிட்டார். வருகிற வழியில் அதை அழித்திருக்கலாம். அழிக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. சட்டையெல்லாம் மோர் வாடையோடு, வாயெல்லாம் பல்லாக, நேரே அப்பாவின் முன்னால் வந்து நின்றான்.

"நெத்தியில இன்னாடா அது?" என்றார் அப்பா, நிதானமாக.

எபிக்கு அப்போதுதான் உறைத்தது. நடந்ததைச் சொன்னான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து குறுக்கே நின்றாள். "தாகத்துக்குத் தண்ணி குடுக்கணும்னு நீங்கதானே சண்டே ஸ்கூல்ல சொல்லித் தர்றீங்க? புள்ள அதத்தான செஞ்சிட்டு வந்திருக்கான்."

"குடுத்தது தப்பில்ல. நெத்தியில வாங்கிக்கிட்டு வந்தான் பாரு, அதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அப்பா ஆணியிலிருந்து சிட்சையை எடுத்தார். குருத்தோலைச் சிலுவை ஆடி நின்றது.

எபி கையை நீட்டினான். அழவில்லை. "அடிச்சிக்கோங்கப்பா. ஆனா இன்னிக்கு ஜெபம் மட்டும் வேணாம்ப்பா" என்றான்.

"ஏன்?"

"ஜெபம் பண்ணா இயேசப்பாவும் உங்க பக்கம் வந்துடறாரு. எம்பக்கம் யாருமே இல்ல."

அவன் எதிர்த்துப் பேசவில்லை. பார்த்ததைச் சொன்னான், அவ்வளவுதான். வெளியே கூட்டம் சத்தம் போட்டபடி போய்க்கொண்டிருந்தது. அப்பா பிரம்பை நாற்காலிமேல் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் சந்துக்குள் இறங்கிப் போனார். எபியின் நீட்டிய கையை அம்மாதான் மடக்கிவிட்டாள். விபூதியை யாரும் துடைக்கச் சொல்லவில்லை. காலையில் அது அவன் தலையணையில் இருந்தது.

மறுநாள் ஆலயத்தில் அப்பா பிரசங்க மேடையில் ஏறினார். "பிரியமானவர்களே" என்று பழகிய தமிழில் தொடங்கியவர் அங்கேயே நின்றுபோனார். கையிலிருந்த தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பேச்சில் பேச ஆரம்பித்தார்.

"சிலுவைக்குக் கீழ நின்னு அழுவுறவங்கள்ல நானும் ஒருத்தன்னு நெனச்சிட்டிருந்தேன். நேத்து என் பையன் நான் எங்க நிக்கிறேன்னு காட்டிட்டான். சுத்தியல் வெச்சிட்டிருக்கிறவங்க பக்கத்துல நிக்கிறேன். அவங்களும் கோவத்துல அடிக்கலீங்க. நிதானமாத்தான் அடிச்சாங்க. இந்த முதல் வார்த்தை எனக்காகச் சொன்னது." இவ்வளவுதான் பேசினார். ஒதுக்கியிருந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. பாட்டுக்காரர்கள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார்கள்.

வெளியே வந்ததும் சபைப் பெரியவர் ஒருவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "புள்ளையத் திருத்துறது வேற, சிலுவை வேற ஐயா. பிரம்பு வேதத்துலயே இருக்குதுங்களே."

"இருக்குதுங்க. ஆனா இயேசு கையில நான் பாக்கலீங்க."

"ஏன், தேவாலயத்துல வியாபாரிங்கள வெரட்ட சாட்டை எடுத்தாரே?"

"ஆமாங்க. அத யோசிக்கணும்" என்றார் அப்பா. அடுத்த வருஷம் அவருக்கு எந்த வார்த்தையும் கொடுக்கவில்லை.

நமக்கு விழ வேண்டிய அடியைப் பிதா தம் குமாரன்மேல் போட்டார், அதனால் நாம் தப்பினோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அப்படியானால் எபியின் கணக்கு சரிதானே? கடவுள் பிரம்பு பிடித்தவர் பக்கம்தான். அடிபட்டவனுக்குள்ளே கடவுள் இருந்தார், அடித்த கைக்குள் இல்லை என்று யோசித்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அப்படி யோசித்த பிறகுதான் என்னால் பயமில்லாமல் ஜெபிக்க முடிந்தது. அகிம்சை என்பது நல்லவர்கள் கூடுதலாகச் செய்கிற புண்ணியம் என்றிருந்தேன். அது இல்லாவிட்டால் நான் கும்பிடுவது வேறு யாரையோதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பெரியவரின் சாட்டைக் கேள்விக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தச் சாட்டையைச் சாக்கு வைத்து ஒரு குழந்தையின் கையை நீட்டச் சொல்ல என்னால் ஆகாது.

பிரம்பு மறுபடி ஆணிக்குப் போகவில்லை. மழைநாளில் அம்மா அதனால் உயரக் கொடியிலிருந்து துணி எடுத்தாள். எண்ணெய் காணாமல் வெடித்து, ஒருநாள் குப்பையோடு போயிற்று. அடி நின்றது, ஆனால் எபியின் கண் மூடவில்லை. அவன் வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனான், வீட்டுக்கு வந்தாலும் குடும்ப ஜெப நேரத்தில் போன் பேசுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விடுவான். அப்பா அவனைக் கூப்பிட்டதே இல்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் தொடங்குவார். தன் பிள்ளை தன்னோடு சேர்ந்து இனி ஒருநாளும் கண்ணை மூட மாட்டானோ என்ற அந்தப் பயம்தான் அவருக்குக் கிடைத்த சிட்சை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு எபி மனைவி, மகளோடு வந்திருந்தான். சந்தில் இப்போது லாட்ஜுகள் வந்துவிட்டன. நீர்மோர்ப் பந்தல் இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது, புது ஓலைச் சிலுவையோடு. சாயங்காலம் அப்பா ஜெபத்துக்கு உட்கார்ந்தார். முழங்கால் மடங்காது, நாற்காலிதான். மகள் மடியில் ஏறிக்கொண்டதாலோ என்னவோ, எபி வாசலுக்குப் போகவில்லை. அப்பா ஜெபத்தைத் தொடங்கினார். பழைய வழக்கப்படி நான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

எபி கண்களை மூடியிருந்தான். வாய் பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.